யாராக அழுதேன்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தன்னையும் தன் சமூக அடையாளத்தையும் அறிந்துகொள்ளப் பெரிதும் துணைநிற்பது இலக்கியமா, திரைப்படமா என்ற தலைப்பில், இலக்கியமே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தோழர், 2018இல் வெளிவந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தின் இறுதியில் அருகருகே இருக்கும் இரண்டு தேநீர்க் குவளைகளைக் காட்டி, "ஆயிரம் பக்கம் எழுதினாலும் இது வருமா?" என்று கேட்டார்.

நல்ல காட்சிதான். திரையரங்கில் நானும் அழுதேன். யாராக அழுதேன் என்பதே என் வழக்கு. சாதியின் பேரால் அவமதிக்கப்படும் நாயகன் பரியன் பக்கமே கேமரா நிற்கும்போது, அரங்கில் இருப்பவர்கள் எந்தச் சாதியினராயினும் பரியனாகிவிடுகிறார்கள். அவனை அவமதித்தவர்களிடையே நம் முகமும் உண்டா என்று தேட நமக்குத் தோன்றுவதே இல்லை.

பிறகுதான் தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' படித்தேன். தம் மக்களின் பேச்சுமொழியிலேயே அவர் எழுதி 1992இல் வெளிவந்த தன்வரலாறு அது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் தெருப் பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையில் ஏந்தாமல், சரட்டை மட்டும் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்காரரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அடக்கமுடியாத சிரிப்பு. அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள், அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிவந்தார் என்கிறான்.

அதற்குள் அவளோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டிருந்தேன், நடுவர் அவர்களே. எங்கள் பாட்டி வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகியிருந்த அலுமினியத் தம்ளர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வயலில் வேலை செய்த பெரியவர் அதில் குடித்துவிட்டுத் தாமே கழுவிச் செருகிவிட்டுப் போவார். சொம்பு படாமல், உயரத் தூக்கி, அதில் நானே மோர் ஊற்றியிருக்கிறேன். யாரும் கற்றுத்தந்ததாக நினைவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. இரண்டு குவளைகளை அத்தனை பெரிய திரையில் கண்டபோது வராத தம்ளர், ஒரு முழச் சரட்டைப் படித்தபோது வந்துவிட்டது.

படிக்கத் தெரியாதவருக்கு இலக்கியம் என்ன செய்யும் என்று எதிரணியினர் கேட்கலாம். நியாயமான கேள்வி, தலையெண்ணிப் பார்த்தால் படமே வெல்லும். (தலையெண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் கிரிக்கெட் இரண்டையும் வென்றுவிடும்!) ஆனால் நமக்குத் தரப்பட்ட தலைப்பு, அறிந்துகொள்வதைப் பற்றியது. ஓடும் படம் எனக்காக நிற்காது. நூலை மூடிவைத்துவிட்டு நான் அந்தப் பெரியவரின் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தேன். பெயர் உடனே வந்தது. ஆறு வயதில், பாட்டியைப் போலவே, அவரை நான் பெயர் சொல்லி 'வா, போ' என்றுதான் அழைத்திருக்கிறேன்.