வாயு தள்ளாது, வடிய விடும்

நேயர்களுக்கு வணக்கம்.

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கிக் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. விரிசல் விட்ட சுண்ணாம்புப் பாறையில் இது இன்னும் சிக்கல். விரிசல்களின் கொள்ளளவு பெரும்பாலும் பாறையின் கன அளவில் 1 சதவீதம்கூட இருக்காது. ஆனால் எண்ணெயோ வாயுவோ ஓடும் வழி அதுதான். சரக்கு முழுவதும் விரிசல்களுக்கு நடுவே நிற்கும் பாறைத் துண்டுகளுக்குள்.

இந்த எண்ணெயை வெளியே கொண்டுவர வாயுவையோ தண்ணீரையோ உள்ளே செலுத்துவார்கள். ஆனால் பக்கவாட்டில் வாயுவைச் செலுத்தினால் அது விரிசல் வழியே உற்பத்திக் கிணற்றுக்கு நேராக ஓடிவிடும். தண்ணீரும் பல இடங்களில் கை கொடுக்காது. சுண்ணாம்புப் பாறையின் துளைச் சுவர்களில் பெரும்பாலும் எண்ணெய்தான் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட பாறை தண்ணீரை உறிஞ்சாது. மிஞ்சியிருப்பது புவியீர்ப்பு. தேக்கத்தின், அதாவது எண்ணெய் நிறைந்த பாறைப் பகுதியின், உச்சியில் வாயுவைச் செலுத்தினால் அது விரிசல்களில் நிரம்பிப் பாறைத் துண்டைச் சூழ்ந்துகொள்ளும். உள்ளே கனமான எண்ணெய், வெளியே இலேசான வாயு. அந்த எடை வித்தியாசத்தில் மேலே வாயு புகும், கீழே எண்ணெய் வடியும்.

ஒரு துண்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 3 மீட்டர். அடர்த்தி வித்தியாசம் கன மீட்டருக்கு 600 கிலோ. கிடைக்கும் அழுத்தம் சுமார் 17.6 கிலோபாஸ்கல். துளைவாயின் ஆரம் 1 மைக்ரான், எண்ணெய்க்கும் வாயுவுக்கும் இடையிலான பரப்பு இழுவிசை (வாயு துளைக்குள் நுழைவதைத் தடுக்கும் விசை) மீட்டருக்கு 10 மில்லிநியூட்டன் என்றால், வாயு உள்ளே நுழைய 20 கிலோபாஸ்கல் வேண்டும். ஒரு சொட்டுகூட வராது! தேக்க அழுத்தத்தை உயர்த்தியோ, எண்ணெயில் நன்கு கரையும் வாயுவைத் தேர்ந்தெடுத்தோ இழுவிசையை 2 ஆக இறக்குங்கள். அடர்த்தி வித்தியாசமும் 400 ஆகக் குறையட்டும். இப்போது தேவை 4 கிலோபாஸ்கல், கையிலிருப்பது 11.8. அடியில் 1 மீட்டரில் எண்ணெய் தங்கும். மேலே 2 மீட்டர் வடியும். எந்த வாயு, எவ்வளவு அழுத்தம் என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான்.

வடிந்த எண்ணெயைக் கீழேயுள்ள துண்டு மறுபடி உறிஞ்சிக்கொள்ளவும் கூடும். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் நல்லது: எண்ணெய் அறுபடாமல் இறங்கும், அடுக்கு முழுவதும் ஒரே உயரமான துண்டுபோல நடந்துகொள்ளும்.

ஈரானின் ஹஃப்ட் கேல் எண்ணெய் வயலில் 1976-இல் வாயு செலுத்தத் தொடங்கினார்கள். மெக்சிகோவின் கான்டரெல் வயலில் 2000-இல் நைட்ரஜன். உற்பத்தி நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. பிறகு வாயு மட்டம் இறங்கி வர, கிணறு கிணறாக வாயு புகுந்து, உற்பத்தி வேகமாகச் சரிந்தது. நைட்ரஜன் கலந்த வாயுவைப் பிரித்தெடுப்பதும் தனிச் செலவு.

வடியும் வேகத்தைப் பாறைதான் முடிவு செய்கிறது. அதைவிட வேகமாக எடுத்தால் விரிசலில் மேலே வாயுவுக்கும் கீழே நீருக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் பட்டை மெலியும், கிணற்றடியில் வாயு கூம்பாக இறங்கிவிடும். அதனால் உற்பத்திக்கு எடுக்காத கண்காணிப்புக் கிணறுகளில் வாயு மட்டத்தையும் நீர் மட்டத்தையும் தவறாமல் அளக்க வேண்டும். பட்டையின் நடுவில் கிடைமட்டக் கிணறு போட்டால் உறிஞ்சும் அழுத்தம் நீளம் முழுக்கப் பரவும். எண்ணெயோடு வரும் வாயுவின் விகிதம் ஏறினால் வால்வைத் திறக்காமல் குறைத்து வையுங்கள். பட்டை மறுபடி தடிக்கும்வரை அந்தக் கிணற்றை மூடியே வைக்கலாம்.