100 கட்டுகிறேன், 11தான் வருகிறது: ஒரு நேயரின் சந்தேகமும் என் பழைய லாரியும்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பீடோங்கிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய கேள்வி இரண்டு நாள்களாக என்னை விடவில்லை. "100 எம்பிபிஎஸ் இணையத் திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுகிறேன். ஆனால் கணினியில் கோப்பு இறக்கும்போது 11, 12-க்கு மேல் ஏறுவதே இல்லை. மீதி எங்கே போகிறது? லண்டனில் இருக்கும் மகனோடு பேசினால் குரல் வேறு திக்கித் திக்கி வருகிறது. 300-க்கு மாறிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் பாதிக்கு விடை எளிது. விளம்பரத்தில் உள்ள 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். உங்கள் திரையில் தெரியும் 11 என்பது நொடிக்கு 11 மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5 வருகிறது. அந்த 12.5-உம் முழுக்க உங்கள் கோப்பு அல்ல. தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தில் முகவரி தாங்கும் ஐபி தலைப்புக்கு 20, வரிசை எண் தாங்கும் டிசிபி தலைப்புக்கு 20 என ஒதுக்கியது போக, சரக்கு 1460 பைட்தான். கம்பியில் பொட்டலத்தைக் கடத்தும் முறையான ஈத்தர்நெட்டின் மேலுறைக்கும் பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் இன்னும் 38 பைட் போகிறது. கம்பியில் 1538 பைட் இடத்தைப் பிடித்துக்கொண்டு 1460 பைட் சரக்கு வந்து சேருகிறது என்று கணக்கிட்டால், 12.5 என்பது ஏறக்குறைய 11.9 ஆகிவிடும். ஆகவே இந்தக் கணக்கில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை, அம்மா. ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்டுக்குச் சின்ன 'பி' (b), பைட்டுக்குப் பெரிய 'பி' (B). விற்பவர்களுக்குச் சின்ன 'பி'யின் மேல்தான் பிரியம், ஏனென்றால் எண் பெரிதாகத் தெரியும்.

ஆனால் வால் போல மகனைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களே, என்னைக் கேட்டால் அதுதான் கேள்வி.

வழக்கமாகப் பார்ப்பவர்கள் "மறுபடியும் லாரியா?" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் தந்தையார் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். ஒரு நாள் கிராணி ஐயா, ஆலை அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி அவரிடம் ஒரு துண்டுச் சீட்டைத் தந்தார். ஆலையின் எடை மேடைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு லாரிகள் நின்றதால், சீட்டு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் அதே போன்ற சீட்டை மண்டோர் மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்தார். ஒரு நடையில் எத்தனை டன் போகும் என்பது பேண்ட்வித். ஒரு சீட்டு போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது லேட்டன்சி. இரண்டையும் 'வேகம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நீங்கள் பணம் கட்டுவது முதலாவதற்கு. பேச்சில் உங்களைப் படுத்துவது இரண்டாவது.

இணையத் தகவலைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கோலாலம்பூரிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 10,500 கிலோமீட்டர் என்பதால், போய்த் திரும்ப 105 மில்லிவினாடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள் கடலுக்குள் வளைந்து போவதால் நடைமுறையில் இன்னும் கூடும். 300 அல்ல, 1000-க்கு மாறினாலும் இது குறையாது. பெரிய லாரி வாங்கினால் சாலை சுருங்கிவிடுமா?

ஆயினும் தூரத்தால் வரும் தாமதம் குரலைத் திக்க வைக்காது, சற்றுப் பிந்தி வரவைக்கும், அவ்வளவே. திக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் எடை மேடை வரிசைதான். வீட்டில் யாராவது ஒருவருடைய கைப்பேசி நூற்றுக்கணக்கான படங்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால், நாம் பழக்கத்தில் 'மோடம்' என்று சொல்லும் ரௌட்டரில் பொட்டலங்கள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் குரல் அந்த லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். கோப்பு இறக்குவது டிசிபி என்ற அனுப்பும் முறையில் என்பதால் விட்டுப்போன பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பேச்சு பெரும்பாலும் யுடிபி என்ற இன்னொரு முறையில் போகிறது. பிந்தி வந்த சொல்லால் பயன் இல்லை என்று அது கைவிட்டுவிடும்.

இதைச் சோதிக்க 'பிங்' போதும். 1983-இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் எழுப்பும் ஒலியைக் கேட்டு வைத்த பெயர். கணினியின் கட்டளைத் திரையில் ஆங்கிலத்தில் 'பிங்' (ping) என்று தட்டி, இடம் விட்டு, ஏதாவது ஓர் இணையதளத்தின் முகவரியைத் தட்டுங்கள். பதில் வந்த நேரம் மில்லிவினாடியில் தெரியும். என் வீட்டில் நேற்று வெறுமனே பார்த்தபோது 12 காட்டியது; மகள் காணொளி ஒன்றை மேலே ஏற்றத் தொடங்கியதும் 340-க்குத் தாவியது. திட்டம் அதேதான், கம்பியும் அதேதான்.

அம்மா, இன்றிரவு எல்லாரும் கைப்பேசியைக் கீழே வைத்த பிறகு ஒரு முறை, மகனோடு பேசும் நேரத்தில் ஒரு முறை, இப்படிப் பார்த்து இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை 300-க்கு மாற வேண்டாம்.