கோட்டு இல்லாமல் கிளம்பிய காலை: 1888-ன் பனிப்புயல்

வணக்கம்.

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் புல்வெளிச் சமவெளி. நெப்ராஸ்கா, மினசோட்டா, அப்போது இன்னும் மாநிலமாகாத டகோட்டா. அதற்கு முந்தைய நாட்களில் அங்கே வெளியே தலைகாட்ட முடியாத குளிர். வியாழன் காலை எழுந்து கதவைத் திறந்தால் காற்று இதமாக இருக்கிறது. கூரையில் கிடந்த பனி உருகிச் சொட்டுகிறது.

பல நாள் அடைந்து கிடந்தவர்கள் என்ன செய்வார்கள்? மாடுகளைத் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் வெளியே ஓட்டினார்கள். தூரத்து வைக்கோல்போரிலிருந்து வைக்கோல் எடுத்துவர வண்டியைப் பூட்டினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பினார்கள். நிறையப் பேர் கனத்த கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று வந்த பனிப்புயலால் ஏறக்குறைய 235 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னும் அதிகம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அதனால்தான் இதற்குக் குழந்தைகளின் பனிப்புயல் என்றே பெயர் வந்தது.

[திரையில்: வரைபடம். வடக்கே கனடாவிலிருந்து தெற்கு நோக்கி ஒரு நீல அம்பு, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வடக்கு நோக்கி ஒரு சிவப்பு அம்பு.]

முதலில் அந்த இதமான காலை எப்படி வந்தது என்று பார்ப்போம். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக்காற்று மேலேறி வந்துகொண்டிருந்தது. வடக்கே கனடாவிலிருந்து ஆர்க்டிக் குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நடுவே தடுக்க ஒரு மலைத்தொடர் கிடையாது. ஆகவே அந்தக் கதகதப்பும் புயலின் ஒரு பாகம்தான், அதன் முன்பாதி. குளிர்காற்று வந்து முட்டியபோது இரண்டுக்கும் இடையே கதவு சாத்தியதுபோல ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு கடந்ததும் நிமிடங்களில் பகல் இருண்டது. சில இடங்களில் இரவுக்குள் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிவரை இறங்கியது. அந்த ஒரு புள்ளியில் மட்டும் செல்சியஸ், ஃபாரன்ஹீட் இரண்டும் ஒரே எண்தான்.

புயல் வந்து விழுந்த நேரம்தான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. டகோட்டாவில் முற்பகலிலிருந்தே, நெப்ராஸ்காவின் பல ஊர்களில் பிற்பகலில். அதாவது பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது, அல்லது பள்ளி விடும் வேளையில். அதிகாலையிலேயே வந்திருந்தால் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். நள்ளிரவில் வந்திருந்தால் எல்லோரும் அடுப்போரம் இருந்திருப்பார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் வானிலை பார்ப்பது ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவு. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் தாமஸ் வுட்ரஃப் என்ற லெப்டினன்ட், குளிர் அலை வரப்போகிறது, பனி குவியும் என்று எழுதித் தந்தியில் அனுப்பினார். தந்தி ரயில் பாதையோரத்து ஊர்களுக்குப் போனது. அங்கே வெள்ளைத் துணியின் நடுவே கறுப்புச் சதுரம் வைத்த கொடியை ஏற்றுவார்கள். குளிர் அலைக்கு அதுதான் அடையாளம். ஆனால் விவசாயி ஊருக்குள்ளா இருந்தான்? 1862-ன் குடியேற்றச் சட்டப்படி அரசிடம் 160 ஏக்கர் பெற்று, அதே நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்தால்தான் ஐந்து வருடம் கழித்துப் பட்டா. அதனால் வீடுகள் நம் கிராமத்துத் தெரு மாதிரி நெருங்கி இருக்காது. வயலுக்கு ஒரு வீடு, அதற்கடுத்த வீடு கண்ணுக்கெட்டிய தூரத்தில். ஊர்க் கம்பத்தில் ஏறிய கொடி அவர்களுக்கு எப்படித் தெரியும்?

[திரையில்: புல்மண் வீடு ஒன்றின் பழைய கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்தப் படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மரம் இல்லாத நாடு என்பதால் புல்லின் வேரோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல அடுக்கிக் கட்டிய வீடு. நார்வே, ஜெர்மனி, ரஷ்யா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள். அடுப்பெரிக்கவும் விறகு கிடையாது. வைக்கோலைக் கயிறுபோல முறுக்கி எரித்தார்கள், மக்காச்சோளச் சக்கையை எரித்தார்கள், காய்ந்த சாணத்தை எரித்தார்கள். வறட்டி தட்டிய கை நம் வீடுகளிலும் உண்டு, அதன் தீ எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடமும் இதே கதைதான். ஒரே அறை, ஒரு அடுப்பு, ஒரு ஆசிரியை, அவருக்கே பெரும்பாலும் இருபது வயதுக்குள்தான் இருக்கும். எரிபொருள் தீர்ந்தால் முடிவெடுக்க அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கிளம்பலாமா, இங்கேயே இருக்கலாமா?

அன்று அந்தச் சமவெளி முழுக்க இந்த ஒரு கேள்விதான். பிழைத்தவர்களின் நினைவுகளைப் படித்தால், எந்தக் கதையும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நெப்ராஸ்காவின் மிரா பள்ளத்தாக்கில், ஓர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், மின்னி ஃப்ரீமன் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். காற்று கதவைப் பெயர்த்தது, அப்புறம் கூரையைப் பிய்த்தது. இனி அங்கே இருக்க வழியில்லை. பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய அரை மைல் தூரத்தில் இருந்த வீட்டுக்கு நடத்திச் சென்றார். எல்லோரும் பிழைத்தார்கள். நாடே அவரைக் கொண்டாடியது. தங்கக் கடிகாரம் பரிசாக வந்தது, கல்யாணம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன.

லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியைக்கு யாரும் கடிகாரம் கொடுக்கும்படியான முடிவு வாய்க்கவில்லை. பிளெயின்வியூ ஊர்ப் பக்கம். அவரோடு பள்ளியில் இருந்தது மூன்றே பிள்ளைகள்: ஒன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர், ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. பிற்பகல் மூன்று மணி வாக்கில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு அங்கிருந்து ஏறக்குறைய 75 மீட்டர்தான். ஒரு சின்ன விளையாட்டு மைதானத்தின் நீளம்கூட இல்லை. நால்வரும் கிளம்பினார்கள், வழி தவறினார்கள், இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள். மூன்று பிள்ளைகளும் உறைந்து இறந்தார்கள். ஆசிரியை பிழைத்தார், பாதங்களை இழந்து.

மின்னியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் லோயிஸையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து. இருவரும் ஒரே முடிவைத்தான் எடுத்தார்கள். துணிச்சலிலோ அன்பிலோ ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை.

சரி, 75 மீட்டரில் எப்படி வழி தவறும்? நாம் மனதில் வைத்திருக்கும் பனி, பஞ்சு பஞ்சாக மெல்ல விழுவது. அன்று விழுந்தது அது இல்லை. கடுங்குளிரில் பனித்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. காற்று அதை அரைத்து அரைத்து மாவாக்கிவிடும். பிழைத்தவர்கள் பலரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: மாவு. சல்லடையில் சலித்த மாவு. அது கண்ணில் படிந்து இமைகளை ஒட்டவைத்தது, மூக்கிலும் வாயிலும் புகுந்து மூச்சை அடைத்தது. நீட்டிய தன் கையே தெரியவில்லை. இரும்பு அடுப்பைத் தொட்டால் பொறி பறந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். கட்டுக்கதை மாதிரி இருந்தாலும் அதற்குக் காரணம் இருக்கிறது: காய்ந்த பனித்துகள்கள் உரசிக்கொண்டே போகும்போது மின்னூட்டம் சேரும்.

தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, தன் சொந்த முற்றத்திலேயே திசை தெரியாமல் நின்றவர்கள் உண்டு.

[திரையில்: பனி மூடிய ஒரு வைக்கோல்போர்.]

எட்டா ஷாட்டக்கிற்கு வயது 19. அவரும் ஆசிரியைதான். வழி தவறியவர் ஒரு வைக்கோல்போரில் இடித்துக்கொண்டார். கையாலேயே பறித்து உள்ளே புகுந்தார். 78 மணி நேரம். ஜெபம் சொல்லிக்கொண்டும் பாடிக்கொண்டும் உள்ளேயே கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு விவசாயி அவரைக் கண்டெடுத்தார். கால்களை வெட்டி எடுத்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் இறந்துபோனார். காயம்பட்டவர்களுக்காக ஓமஹாவின் பீ நாளிதழ் திரட்டிய நிதியில், இவர் பெயரிலும் வாசகர்கள் பணம் அனுப்பினார்கள்.

இன்னொரு விஷயம், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. இரவு முழுக்க வெளியே கிடந்து உயிரோடிருந்த சிலர், காலையில் எழுந்து நாலடி வைத்ததும் விழுந்து இறந்தார்கள். உடம்பு உறையும்போது கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி, இதயத்தைக் காப்பாற்றப் பார்க்கும். திடீரென எழுந்து நடந்தால் கால்களில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும், அதன் துடிப்பு குலையும். அன்றைக்கு யாருக்கும் இது தெரியாது. உறைந்த கைகாலைப் பனியால் தேய்ப்பதுதான் அப்போதைய வைத்தியம். அது சதையை இன்னும் கெடுத்தது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அரசு முறையாகச் செத்தவர்களை எண்ணி வைத்ததால் இல்லை. 1940-ல், நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில், அந்தப் புயலைச் சிறுவயதில் பார்த்த முதியவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 52 வருடம் கழித்து! ஊர் ஊராகக் கடிதம் எழுதி நினைவுகளைச் சேகரித்து, 1947-ல் புத்தகமாக்கினார்கள். இந்த உழைப்புக்கு நான் கைகூப்புகிறேன். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் பல பிள்ளைகளின் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

ஐம்பது வருட நினைவில் சில இடம் மாறியும் போகும். மின்னி ஃப்ரீமன் பிள்ளைகளை ஒரே கயிற்றில் கட்டி நடத்திச் சென்றார் என்பது அந்த ஊர்ப் பக்கம் எல்லோரும் சொல்லும் கதை. அன்று அவரோடு நடந்த மாணவர்களில் ஒருவரே பின்னாளில் அதை மறுத்தார். கயிறு எதுவும் இல்லை என்றார்.

[திரையில்: வெள்ளை மட்டும். காற்றின் ஓசை.]