தீவுப் பூனைகள்: பாதியில் நிறுத்தக் கூடாத வேலை

நண்பர்களே,

ஜப்பானில், செட்டோ உள்கடலில், ஆவோஷிமா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. மீன்பிடிப் படகுகளில் எலித்தொல்லை தாங்காமல் கொண்டுவந்த பூனைகள், மனிதர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனபிறகு பெருகிவிட்டன. 2018 அக்டோபரில் அங்கிருந்த ஏறத்தாழ 200 பூனைகளுக்கும் கருத்தடை செய்து முடித்தார்கள். அப்போது தீவில் இருந்த மனிதர்கள் 20 பேருக்கும் குறைவு. ‘முடித்தார்கள்’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏன் என்று கேட்டால், ஒரு கணக்குப் போடுவோம். 100 பூனைகளில் 50 பெட்டை என்று வையுங்கள். 40 பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டு, பணம் தீர்ந்தது, படகு இல்லை என்று திரும்பிவிடுகிறோம். மிச்சம் இருக்கும் 10 பெட்டையும் ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி போட்டால் 80 குட்டி. குட்டிகளில் பெரும்பங்கு வளருமுன்பே செத்துவிடும். அதைக் கண்ணால் பார்ப்பதே கொடுமை. பிழைத்த பெட்டைக்குட்டி ஐந்தாறு மாதத்தில் தானும் சினைக்குத் தயாராகிவிடும். இரண்டே ஆண்டில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். நகரத்தில் அடுத்த தெருப் பூனை வந்து சேரும். தீவிலோ சுற்றிலும் கடல், வெளிப்பூனை எளிதில் வராது. வேலையை முழுதாக முடிக்க இயற்கையே வேலி போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை வீணாக்கக் கூடாது.

முதலில் எண்ண வேண்டும். பத்து நாள், ஒரே நேரத்தில், ஒரே இடங்களில் தீனி வைத்து, வருகிற ஒவ்வொன்றையும் இருபக்கமும் படம் எடுங்கள். அந்த நாட்களிலேயே பொறிக்கூண்டுகளைக் கதவு கட்டித் திறந்தபடி வைத்து, தீனியை உள்ளே வையுங்கள். பூனை பழகிவிடும். பிடிக்கும் நாளுக்கு முந்தைய மாலையிலிருந்து தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பெரும்பாலான முகாம்கள் இங்கேதான் கெடுகின்றன. பரிதாபப்பட்டு ஒரே ஒரு வீட்டார் மீன்தலை போட்டால் போதும், அந்தப் பக்கத்துப் பூனை எதுவும் கூண்டுக்கு வராது. ஆகவே வீடு வீடாகப் போய்ப் பேசுவது மருந்து வாங்குவதைவிட முக்கியம்.

கதவு விழுந்ததும் கூண்டைத் துணியால் மூடுங்கள். இருட்டில் பூனை அடங்கிவிடும். ஆனால் படகின் மேல்தளத்தில், வெயிலில், மூடிய கூண்டை வைத்தால் உள்ளே வெப்பம் ஏறிப் பூனை செத்துப்போகும். நிழலும் காற்றும் கட்டாயம். கைதேர்ந்த மருத்துவர் ஒருவர் ஒரு நாளில் 25 முதல் 30 பூனைகள் வரை அறுவை செய்யலாம். அதற்குமேல் பிடித்துவைத்துப் பட்டினி போடாதீர்கள். குட்டி ஒரு கிலோவாவது இருக்க வேண்டும். அதற்கு நீண்ட பட்டினி ஆகாது, இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு விலாப்பக்கம் கீறல் போட்டால் பால்மடியில் கை படாது. அதைத்தான் முதலில் முடித்து, முதலில் குட்டியிடம் அனுப்ப வேண்டும். மற்றபடி கடுவனை ஒரு நாள், பெட்டையை இரண்டு நாள் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.

மயக்கத்தில் இருக்கும்போதே காதில் அடையாளம் வெட்ட வேண்டும். ஜப்பானில் செர்ரி இதழ்போல நுனியில் சிறு பிளவு வெட்டுகிறார்கள்; கடுவனுக்கு வலக்காது, பெட்டைக்கு இடக்காது. தூரத்திலிருந்தே தெரியும். இல்லையென்றால் அதே பூனையை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கீறும் அநியாயம் நடக்கும்.

மூன்று மாதம் கழித்துக் கட்டாயம் மறுபடி எண்ணுங்கள். கருத்தடைக்குப் பின்னும் சில வாரம் கடுவனிடம் விந்து மிச்சமிருக்கும். சினைக்காலம் ஒன்பது வாரம். தப்பிய பெட்டை ஒன்று இருந்தால் அப்போது குட்டியோடு வெளியே வரும். உடனே அதைப் பிடிக்க வேண்டும்.

இனி, பூனைமேல் பிரியமுள்ளவர்களுக்குக் கசப்பான ஒரு செய்தி. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும். தரையில் கூடுகட்டும் பறவைகள் உள்ள தீவில் ‘பிடித்து, அறுத்து, விடுவது’ தவறு. விடவே கூடாது. அதற்காக விஷம் வைப்பதா? அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் 2000களின் தொடக்கத்தில் காட்டுப்பூனைகளை ஒழித்தபோது, வீட்டுப் பூனைகளிலும் 38 சதவீதம் தவறுதலாகச் செத்தன. கடற்பறவைகள் திரும்பின என்பது உண்மைதான். ஆனால் வளர்த்தவர்களின் வேதனையும் உண்மை. டோக்கியோவுக்குத் தெற்கே 1,000 கிலோமீட்டரில் உள்ள ஒகசாவாரா தீவுகளில் வேறு வழி கண்டார்கள். 2005 முதல் காட்டில் பிடித்த பூனைகளைக் கப்பலில், 24 மணிநேரப் பயணமாக, டோக்கியோவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கால்நடை மருத்துவர்கள் அவற்றைப் பழக்கி வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். ஏறத்தாழ 40 மட்டுமே மிஞ்சியதாகக் கருதப்பட்ட அந்தத் தீவுகளின் செந்தலைக் காட்டுப்புறா இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பூனையும் பிழைத்தது, புறாவும் பிழைத்தது.

பறவை இல்லாத தீவிலும் கரையோரமாகத் தீனி வைக்காதீர்கள். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி மழைநீரோடு கடலில் இறங்கும். ஹவாயில் துறவிச்சீல்கள் (‘மங்க் சீல்’ என்னும் கடல்நாய்கள்) இதனால் செத்திருக்கின்றன. தீனியை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரவில் கிடந்தால் எலிக்குத்தான் விருந்து.

ஆவோஷிமாவில் இப்போது எஞ்சியவை எல்லாம் கிழட்டுப் பூனைகள். பல் விழுந்தவை, கண் மங்கியவை. கருத்தடை முகாமுக்குப் பணம் கேட்கும்போதே அடுத்த பத்தாண்டுத் தீனிக்கும் மருந்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பூனைக்கு நாளுக்கு 60 கிராம் உலர்தீனி. 50 பூனைக்கு 3 கிலோ. கடல் கொந்தளித்துப் படகு வராத நாட்களை எண்ணி, இரண்டு வாரத்துக்கு 42 கிலோ, எலி நுழையாத தகர டிரம்மில், எப்போதும் இருப்பு இருக்கட்டும். தீவின் கடைசிக் கிழவர் கரைக்குக் குடிபெயரும் நாளில் அந்த டிரம்மை யார் திறப்பது என்பதையும் இன்றே பெயர் போட்டு எழுதிவையுங்கள்.