கருப்பியின் பின் சக்கரத்துக்குள் தண்ணீர் பைப்!

வணக்கம் மக்களே. இன்றைக்கு இன்ட்ரோ கிடையாது, பாட்டு கிடையாது. நேராக இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். ஆச்சா? வீட்டுத் தண்ணீர் பைப். ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். ஹாக்ஸா பிளேடு வைத்துக் கோணலாக அறுத்த துண்டு, ஓரத்தில் பிசிறு கூடத் தேய்க்கவில்லை. இது நம்ம கருப்பியின், அதாவது என் பைக்கின், பின் சக்கரத்துக்குள்ளிருந்து வந்தது. இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் நான் கோலார் போனேன், ஓசூர் போனேன், என் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து மார்க்கெட் போனேன். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அதனால் இந்த வீடியோ கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

சரி, கதைக்கு வருவோம். போன வீடியோவில் நம்ம பெங்களூரு பழைய மெட்ராஸ் ரோட்டில் வரும்போது ஒரு சத்தம் கேட்கிறது என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஐம்பதைத் தொட்டதும் 'ஊம்ம்ம்' என்று ஆரம்பித்து, அறுபதில் சீட்டுக்கு அடியில் மாவு மில் ஓடுவது மாதிரி ஆகிவிடும். கமெண்டில் நிறையப் பேர் செயின் ஸ்ப்ராக்கெட் என்றீர்கள். சிலர் டயர் என்றீர்கள். ஒருத்தர் மட்டும், "லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி ப்ரோ, வித்துடுங்க" என்றார். அவருக்குப் பதில் கிடையாது. அடுத்த கேள்வி.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை ஐடிலில் விட்டுப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. எஞ்சின் இல்லை என்று தெரிந்தது. ஆனால் செயின் அப்போதும் சுற்றிக்கொண்டுதானே இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். லேசாக 'டக் டக்' என்றது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி ஆடும். ஒரு கையால் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையை ஸ்விங் ஆர்ம் மேலே வையுங்கள். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்தான், அதாவது உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் உருளும் குண்டுகள். என் வண்டியில் சக்கரம் மட்டும்தான் ஆடியது.

அதோடு ஒரு வொர்க்‌ஷாப்புக்கும் போனேன். எந்த வொர்க்‌ஷாப் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர்கள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஹப்பே போயிடுச்சு சார், புது வீல் போடணும், 4,800 ஆகும்" என்றார்கள். சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை! ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி, போயிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பேரிங்கை வெளியே எடுத்துவிட்டு அது உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும். புதுப் பேரிங்கை விரலால் தள்ளினாலே சொத்தென்று உள்ளே விழுந்தால் ஹப் போச்சு. தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தால் ஹப் நன்றாக இருக்கிறது. இது தெரிய 4,800 ரூபாய் வேண்டுமா?

வீட்டு வாசலிலேயே கழற்றினேன். அல்சூரில் எங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும், போகிற வருகிற எல்லாரும் ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பிரேக் ராடு, டார்க் ஆர்ம் போல்ட், ஆக்சில் நட்டு எல்லாம் பழைய வீடியோவில் காட்டியதுதான். உள்ளே இருக்கும் பேரிங்கை எடுக்க வழக்கமான வழி என்ன? இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய் இருக்கும். அதை ஒரு பக்கமாகத் தள்ளி ஒதுக்கிவிட்டு, நீளமான கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, பேரிங்கின் உள் வளையத்தில் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் பேரிங் கெட்டுவிடும், ஆனால் இது தூக்கிப் போடப் போகிற பேரிங், பரவாயில்லை. எனக்கு ஸ்பேசர் நகரவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஏதோ துத்தநாகப் பூச்சு மினுக்குகிறது. அரை மணி நேரம் போராடி எடுத்தால், இந்த மகானுபாவர் வருகிறார்.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். போன தடவை பேரிங் மாற்றியபோது நான் ஊரில் இல்லை. தம்பிதான் எங்கேயோ கொண்டுபோய் விட்டிருந்தான். பழைய ஸ்பேசரைத் தொலைத்துவிட்டு, கையில் கிடைத்த பைப்பை அறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ஆக்சில் நட்டை இறுக்கும்போது என்ன ஆகிறது? உள் வளையம், ஸ்பேசர், இன்னொரு உள் வளையம், இந்த மூன்றும் ஒன்றோடொன்று இறுகி ஒரே தண்டாக ஆக வேண்டும். வெளி வளையங்கள் ஹப்பில் உட்கார்ந்திருக்கும். ஸ்பேசர் அளவு குறைந்தால், நட்டை இறுக்க இறுக்க உள் வளையங்கள் இரண்டும் நடுவை நோக்கி இழுபடும், வெளி வளையங்கள் அங்கேயே நிற்கும். நடுவில் மாட்டிய குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கிக்கொண்டே ஓடும். சூடாகும், கிரீஸ் உருகும், அப்புறம் அந்த 'ஊம்ம்ம்'. லட்சம் கிலோமீட்டர் ஓடியதால் பேரிங் போகவில்லை மக்களே. முதலில் கம்பெனியிலிருந்து வந்த பேரிங் எழுபதாயிரத்துக்கு மேல் உழைத்தது. இந்தப் பைப்போடு போட்டது அதில் பாதிகூட ஓடவில்லை.

சரி, வாங்கப் போன கதை. வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு. பேரிங் கிடைப்பதில் பிரச்சினையே இல்லை, எண் தெரிந்தால் போதும். கருப்பிக்கு ஹப்பில் இரண்டு 6302, செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தாங்கும் ஸ்ப்ராக்கெட் கேரியரில் ஒரு 6204. இந்த மூன்றாவது பேரிங்கை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், இரண்டை மட்டும் மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லை என்று புலம்புவார்கள். எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இலக்கம் உள் விட்டம். 04-லிருந்து மேலே ஐந்தால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும், அதனால் 6204 என்றால் 20. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. ஆனால் 6202-க்கும் 6302-க்கும் உள் விட்டம் ஒன்றுதான், வெளி விட்டம் 35, 42 என்று மாறும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணுக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்று இருப்பதையே கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்.இசட். என்றால் தகரத் தட்டு. தூசிக்குத் தாங்கும், தண்ணீருக்குத் தாங்காது. நம்ம ஊர் அண்டர்பாஸில் மழை நாளில் தேங்கும் தண்ணீருக்குத் தகரமா? எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பேரிங் கம்பெனிகளில் எஸ்.கே.எஃப். தொழிற்சாலை நம்ம ஊர் பொம்மசந்திராவிலேயே இருக்கிறது, என்.பி.சி. ஜெய்ப்பூர்க்காரர்கள், எதுவாக இருந்தாலும் அசலா என்று பார்த்து வாங்குங்கள். ஹப்புக்கு ஒன்று 210, கேரியருக்கு 260, சீல் 50. ஆக மொத்தம் 730. 4,800 எங்கே, 730 எங்கே!

ஸ்பேசர்தான் பாடாய்ப் படுத்திவிட்டது. கடை கடையாகக் கேட்டேன். "அது தனியா வராது குரு, வீலோட வரும்" என்கிறார்கள். ஒரு கடையில் வேறு வண்டியின் ஸ்பேசரை எடுத்துக் கொடுத்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். எனக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை இந்த 'அட்ஜஸ்ட்'தான். அட்ஜஸ்ட் பண்ணித்தானே இந்தப் பைப் உள்ளே போனது!

கலாசிப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது என்று ஒரு கடைப் பையன் சொன்னான். அளவெடுக்கச் சக்கரம் வேண்டும், அது வீட்டில் கிடக்கிறது. திரும்பி வந்து, சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். மீட்டர் போட்டால் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. கலாசிப்பாளையத்துக்கு எவ்வளவு வரும், நீங்களே கணக்குப் போடுங்கள். அவர் 250 கேட்டார். ஏன் அண்ணா என்றால், "வீலுக்கும் சீட் வேணுமில்ல" என்கிறார். சக்கரத்துக்கு டிக்கெட்! பேசிப் பேசி 200-க்கு ஒத்துக்கொண்டார். ஒரு பேரிங்கின் விலை மக்களே, போக மட்டும். வரும்போது இன்னொரு பேரிங்.

ஆனால் அந்த லேத் பெரியவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு. பூர்வீகம் ஆம்பூர் பக்கமாம், என் தமிழைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பைப்பை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்தப் பாவி தம்பி இதைப் போட்டான்?" என்றார். அங்கேயே என் மனசு நிறைந்துவிட்டது. வெர்னியர் அளவுகோலின் ஆழக் கம்பியை விட்டு, ஹப்பில் பேரிங் உட்காரும் இரண்டு படிகளுக்கும் நடுவே எவ்வளவு என்று இரண்டு பக்கமிருந்தும் எடுத்தார். எடுத்த அளவைவிட ஒரு தாள் கனம் கூடுதலாக வைத்தார். ஏன் ஐயா என்று கேட்டேன். "கூட இருந்தா ரெண்டாவது பேரிங் ஸ்பேசர்ல முட்டி நிக்கும், குறைஞ்சா குண்டு சாகும்." அவ்வளவுதான், நான் மேலே பத்து வரியில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். கனமான சீம்லெஸ் (மூட்டில்லாத) குழாயை எடுத்து, இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் ஃபேசிங் செய்து, அதாவது சமமாகக் கடைந்து, கொடுத்தார். 200 கேட்டார். நான் பேரம் பேசவே இல்லை. அவராகவே 50 திருப்பிக் கொடுத்தார். இந்தத் தெருவில் அவருக்கு விளம்பரம் வேண்டாமாம், அதனால் பட்டறையைப் படம் எடுக்கவில்லை.

மாட்டியது சுருக்கமாகச் சொல்கிறேன். புதுப் பேரிங்குகளைக் கவரில் சுற்றி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் அம்மா, "பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல இது என்னடா, மட்டன்னு நினைச்சேன்" என்றார். ஹப்பை ஹாட் ஏர் கன்னால் சூடு பண்ணினேன். ஹப் அலுமினியம், சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும், பேரிங் குளிரில் சுருங்கும். பாதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். தட்டும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள் வளையத்தில் ஒரு அடி விழுந்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும், புதுசே பழசாகிவிடும். நான் சரியான அளவு சாக்கெட் வைத்துத் தட்டினேன். முதல் பேரிங் படியில் முட்டும் வரை. சத்தம் 'டொக்'கிலிருந்து 'டிங்' என்று மாறும், அதுதான் அடையாளம். அப்புறம் ஸ்பேசர். அப்புறம் அடுத்த பேரிங், ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கிவிடுகிறேன் என்று மேலும் இரண்டு அடி போடாதீர்கள்.

அய்யோ, பேரிங்குக்கு வெளியே தனியாகப் போடும் சீலை விட்டுவிட்டேன். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டுப் போடுங்கள். 2ஆர்.எஸ். பேரிங்குக்குள் கிரீஸ் ஏற்கனவே இருக்கிறது, அதன் சீலை நெம்பித் திறந்து அடைக்கும் வேலை வேண்டாம். இன்னொன்று, வாட்டர் சர்வீஸ் கடையில் அந்த பிரஷர் கன்னை நேராக ஆக்சிலுக்குப் பிடிப்பார்கள் பாருங்கள், ஓடிப்போய் கையைப் பிடியுங்கள். எந்த ரப்பர் சீலும் அந்த வேகத்துக்குத் தாங்காது. பிரேக் பிளேட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் போல்ட்டில், அது கழலாமல் இருக்கக் காட்டர் பின் போட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், டிரம் பிரேக் வண்டியில் அது கழன்றால் பிரேக் பிளேட்டே சுற்றிவிடும். செயின் தளர்வை மறுபடி வைத்து, இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒன்றா என்று பார்த்து, அப்புறம்தான் ஆக்சில் நட்டு, டார்க் ரெஞ்ச் வைத்து.

ஓட்டிப் பார்த்தேன். அதே பழைய மெட்ராஸ் ரோடு, அதே அறுபது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை! ஆனால் இவ்வளவு நாள் அந்த ஊளைக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் இப்போது கேட்கிறது. நம்பர் பிளேட் கடகடக்கிறது, இடது பக்க கிராஷ் கார்டு ஒன்று சிணுங்குகிறது. முன் சக்கரத்தையும் சுற்றிக் கேட்டேன், அது சுத்தம், தொட மாட்டேன்.

கீழே கேள்வி கேட்கிறவர்கள் வண்டி மாடலோடு கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். "ப்ரோ என் வண்டிக்கு என்ன பேரிங் நம்பர்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள், அதன் மேலேயே எழுதியிருக்கிறது.