கோடு மட்டும் மிச்சம்

(போன ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர்கள் கூடிய இடத்தில் வீடியோ கேம் பற்றிப் பேசியது. குறிப்பு எதுவும் கையில் வைத்துக்கொள்ளாமல் பேசினேன், எழுதும்போது கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் வழியில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரெண்டு நிமிஷம் நின்றேன். டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்து, நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம், இன்றைக்கு அந்த வளைவுதான் அதற்கு அடையாளம். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1938-ல் இந்தக் கம்பெனி எடுத்ததுதான். அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பாட்டுப் புத்தகம் இருக்கிறது, சில போட்டோக்கள் இருக்கின்றன, படம் இல்லை.

வீடியோ கேம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவன் எதற்குச் சினிமாவைப் பிடித்துக்கொண்டான் என்று முன்வரிசையில் ஒரு தம்பி முழிக்கிறார். வருகிறேன்.

கேம் கலையா இல்லையா என்ற சண்டை எனக்கு அலுத்துவிட்டது. 1915-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா வெறும் வியாபாரம், அதற்குக் கருத்துரிமை கிடையாது என்றது. 1952-ல் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொண்டது. 2011-ல் வீடியோ கேமுக்கும் புத்தகம், நாடகம் மாதிரியே அந்த உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. சரி, விடுங்கள். என்னைக் குடைகிற கேள்வி, இதையெல்லாம் யார் எடுத்து வைக்கப்போகிறார்கள், எடுத்து வைப்பதென்றால் எதை எடுத்து வைப்பது என்பதுதான்.

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது நான் ஆறாவது படிக்கும்போது. நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்து அடித்த நகல் அது, ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் அசல் ஒன்று இருப்பதே தெரியாது. மஞ்சள் கேசட். மேலே ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும், உள்ளே பார்த்தால் ஏழெட்டு கேம்தான், அதையே பெயர் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப வரிசையில் வைத்திருப்பான். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி, அடியில் வாயை வைத்து ‘ஃபூ’ என்று ஊதி, திரும்ப மாட்டுவோம், வந்துவிடும். ஊதியதால்தான் வந்தது என்று சத்தியம் செய்வோம். கழற்றி மாட்டியதில் கேசட்டின் அடியில் இருக்கும் உலோகப் பின்கள் சரியாக உட்கார்ந்துதான் வந்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எச்சில் ஈரம் பட்டு அந்தப் பின்கள் கறுத்ததுதான் நாங்கள் ஊதியதில் கண்ட பலன்.

அந்தக் கேசட்டில் இருந்த காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடியவர்கள் கையைத் தூக்குங்கள்... ஆஹா, பின்னாடி ஒரு மாமா கூடத் தூக்குகிறார். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. பட்டன்களை இந்த வரிசையில் அமுக்கினால் முப்பது உயிர். இது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? கேசட் மேல் எழுதவில்லை, பெட்டியில் புத்தகம் எதுவும் வரவில்லை, இன்டர்நெட்டும் இல்லை. டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தான், அவனுக்கு நாமக்கல்லில் இருக்கும் அவன் அண்ணன் சொன்னதாம். ஜப்பானில் ஒரு புரோகிராமர் தன் வேலை சுலபமாக முடியட்டும் என்று வைத்துக்கொண்ட குறுக்குவழி, வாய்மொழியாகவே சேலம் வரை வந்திருக்கிறது.

அந்தக் கேசட் இப்போது இல்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கத்திக்கொண்டு வந்தவரிடம் எங்கம்மா போட்டுவிட்டார். பழம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் கேசட் இருந்திருந்தால் மட்டும் என்ன? கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக் கோடு செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்கோணம், குறுக்கே கோடுகள், 23 சந்திப்பு. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, கூடி நின்று வழியை அடைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வித்தை. பலம் உள்ளவனுக்கும் எண்ணிக்கை உள்ளவனுக்கும் நடக்கிற சண்டையைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், எங்க ஆயாவிடம் ஆடாக விளையாடித் தோற்றபோது புரிந்த அளவுக்கு எதிலும் புரியவில்லை. இது கதையாகச் சொல்லி வருகிற புரிதலும் அல்ல, விதிக்குள் மாட்டிக்கொண்டு முழித்தால்தான் வரும். அந்த விதி கல்லில் எங்கேயும் செதுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆடத் தெரிந்த ஆள் போய்விட்டால் அது தரையில் யாரோ கிறுக்கியதாகத்தான் தெரியும்.

நியூயார்க்கில் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. பேக்மேன், டெட்ரிஸ் எல்லாம் உண்டு. அதில் ஈவ் ஆன்லைன் என்று ஒன்று, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடுவது. அதை எப்படிக் காட்சிக்கு வைப்பது? ஆடுபவர்களிடமிருந்தே காட்சிகளை வாங்கி, ஒரு வீடியோவாக்கி ஓட விட்டார்கள். அதாவது கேமைப் பற்றிய படம். நம் ‘பாலன்’ பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

இப்போதைய நிலைமை இன்னும் மோசம். 2014-ல் வந்த தி க்ரூ என்ற கார் கேம், இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கணினியோடு, அதாவது சர்வரோடு, இணைந்தால்தான் ஓடும்; 2024 மார்ச் 31-ஆம் தேதி அந்த சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஓட்டக்கூட வழியில்லாமல் போனது. 2010-க்கு முன்னால் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைக்காது என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி திருட்டு நகல் எடுத்தவர்களாலும், பழைய கேமை இன்றைய கணினியில் ஓட வைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை எழுதியவர்களாலும்தான் பிழைத்திருக்கிறது என்பது என் கணக்கு. வக்கீல் நண்பர் முறைக்கிறார், முறைக்கட்டும், அவரும் அதே மஞ்சள் கேசட்டில் ஆடியவர்தான்.

டீ வருவதற்குள் ஒரு வேலை. வெளியே திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன், புளியங்கொட்டை பதினைந்து, கூழாங்கல் மூன்று. எங்க ஆயா இன்னொரு விதி வைத்திருந்தார், இத்தனை ஆடு இறங்கும்வரை புலி வெட்டக் கூடாது என்று. எத்தனை என்பது எனக்கு மறந்துவிட்டது. ஐந்தா, மூன்றா? வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வெளியே வாருங்கள்.