கல் ரோலர் உருண்டது மக்களே! அதன் இருசுக்கு, அதாவது அச்சுக் கம்பிக்கு, எவ்வளவு கேட்டார்கள் தெரியுமா?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சந்தையும் இல்லை, சமையலும் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் விளையாட்டு கிளப் மைதானத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதே, தரையைச் சமன்படுத்தும் கருங்கல் ரோலர், அது இன்று காலை உருண்டது! பழைய வீடியோவில் சீமைக் கருவேல முள்ளுக்குள் பாதி புதைந்து கிடந்ததே, அதேதான். "அக்கா, அதை விட்டுத் தொலையுங்கள்" என்று கமெண்ட் போட்டவர்கள் எல்லாம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருஷ்ணகிரிக் கல்லுக்கு என்ன ஆகப்போகிறது? இருசுதான் துருவேறி இற்றுப்போயிருந்தது. டவுனில் ஒரு லேத் பட்டறையில் கேட்டால் 6,500 ரூபாயாம். ஒரு கம்பிக்கு! ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு அவர் செல்போனில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த அலட்சியம் எனக்கு அறவே பிடிக்காது. அப்புறம் கிளப் பையன் ஒருவன், தன் மாமாவின் டிராக்டர் பட்டறையில் பழைய இரும்புத் தண்டு ஒன்று சும்மா கிடப்பதாகச் சொன்னான். தண்டு, வெல்டிங், கைப்பிடி எல்லாம் சேர்த்து 1,850. கிரீஸுக்குக் காசு வாங்கவில்லை. மிச்சம் 4,650! கணக்கு நோட்டில் நானே எழுதி, கீழே கோடும் போட்டேன். இரண்டு கோடு.

ரோடு ரோலரை வாடகைக்கு எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அது எட்டு, பத்து டன் இருக்கும். மண் இறுகி அருகம்புல் வேர் இறங்காது, மழைத் தண்ணீரும் உள்ளே போகாமல் தேங்கும். எங்களுடையது இரண்டடி விட்டம், மூன்றடி நீளம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 700 கிலோ வருகிறது. எங்களுக்கு அது போதும்.

உருட்டுவதற்கு முதல் நாள் மாலையே மைதானத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டோம். காலையில் மண்ணைப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு தரையையே பெயர்த்துவிடும்.

அட, குழியைச் சொல்ல மறந்துவிட்டேன். உருட்டுவதற்கு முன்னால் குழிகளை மூடினோம். இங்கே பந்தல் போட்டு விழா நடத்திவிட்டு, கால் நட்ட குழியை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். ஓடுகிற பிள்ளையின் கணுக்கால் மடங்கினால் யார் பார்ப்பது? செம்மண்ணை மொத்தமாகக் கொட்டக் கூடாது, அடுத்த மழையில் உட்கார்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, மண்ணை இறுக்கும் திமிசுக் கட்டையால் குத்த வேண்டும். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

இன்னொரு விஷயம், இதற்காகவே தனி வீடியோ போடலாம். வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர். மூலை கோணாமல் இருக்க வேண்டுமென்றால் மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் 20.12 மீட்டர் வர வேண்டும், இரண்டு பக்கமும். கிரிக்கெட் பசங்க பிட்ச் அளக்க 22 கெஜத்துக்கு ஒரு கயிறு வைத்திருக்கிறார்கள். அதுவும் 20.12 மீட்டர்தான்! அதையே குறுக்கே பிடித்தோம், கச்சிதமாக உட்கார்ந்தது. இத்தனை வருடம் வாலிபால் ஆடியிருக்கிறேன், இதை யாருமே சொல்லவில்லை. கோடு கோலமாவில்தான் போட்டோம். சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் புண்ணாகிவிடும்.

அடுத்தது நெருஞ்சி. மஞ்சள் பூ தெரியும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். காய் முற்றி உதிர்ந்துவிட்டால் விதை வருடக்கணக்கில் மண்ணிலேயே கிடந்து முளைக்கும். வெறுங்காலோடு கபடி ஆடுகிறவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள், களைக்கொத்து இருந்தால் எடுத்து வாருங்கள். டீ உண்டு, போண்டாவுக்கு நான் பொறுப்பில்லை. அப்புறம், தண்ணீர் டேங்கர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால் சனிக்கிழமை மாலை ஒரு நடை வந்து போங்கள். டீசல் காசை அந்த 4,650இல் இருந்து கொடுத்துவிடுகிறோம்.